மனுதாரர் கையெழுத்து

பாபட்லா,
ஜூன் 12, வியாழக்கிழமை.

சிரஞ்சீவி பிரணதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறேன், வெயில்தான் இன்னும் இறங்கவில்லை. நீ அங்கே சௌக்கியமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போன் வந்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தே உன் சேதியைத் தெரிந்துகொள்கிறேன், இப்படியே இருபத்திரண்டு நாளாகிவிட்டது. உன் மேல் எனக்குக் கோபமில்லை, கோபப்பட எனக்கு வாயேது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு நீ பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. இதைத் தபாலில் சேர்க்கவில்லை, தபால் என்றாலே உன் அம்மா முறைக்கிறாள். எதிர்வீட்டு சீதாரத்னம் தன் மகள் பிரசவத்துக்காக ஞாயிற்றுக்கிழமை சிகாகோ புறப்படுகிறாள், அவள் பெட்டியில் உனக்கு வைத்திருக்கும் கோங்கூரா பச்சடிக்கு அடியில் இது இருக்கும்.

உகாதி கழிந்த வாரம் வரன் பார்க்கிற கோட்டேஸ்வர ராவ் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல மோர் கேட்டார், வழக்கம்போல உன் வயதை ஒரு தடவை உரக்கச் சொன்னார், உன் அம்மா உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, சம்பளத்தை நீங்க சொல்ல வேண்டாம் சார், இப்பல்லாம் பெத்தவங்க சொல்றதை எவனும் நம்புறதில்ல, அமெரிக்காக்காரனே போட்டுடறான் என்றார். விசாவில் ஆள் வைத்திருக்கிற ஒவ்வொரு கம்பெனியும் எந்த ஊரில், எந்த வேலைக்கு, என்ன சம்பளம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். ஆள் பெயர் இருக்காதாம். பெயர் எதற்கு, அந்தச் சின்ன ஊரில் உன் கம்பெனியில் அந்த வேலைக்கு விசாவில் இருப்பது நீ ஒருத்திதானே. தொண்ணூற்றொன்றாயிரம் டாலர், முதல் படி, தொடக்க நிலை என்று போட்டிருந்தது. ஏழு வருஷ சர்வீஸ்னு சொன்னீங்க, இதுல இன்னும் எல்கேஜியிலயே உக்காந்திருக்கே உங்க பொண்ணு என்று சிரித்தார். அதோடு விடாமல் அதே கம்பெனி உள்ளூர் ஆளுக்குக் கொடுத்திருந்த விளம்பரத்தையும் எடுத்துக் காட்டினார். அதே வேலை, அதே பதவிப் பெயர், ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

நீ எங்களிடம் சொல்லியிருந்தது ஒரு லட்சத்து முப்பதாயிரம். நான் அதை இந்த ஊரில் சொல்லாத ஆளில்லை. நீ பொய் சொன்னாய் என்று எனக்கு வருத்தமில்லை, நான் நாலு பேரை வைத்துக்கொண்டு போனில் கேட்டால் நீ வேறென்ன சொல்வாய். குண்டூரில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, கவலைப்படாதீங்கப்பா போனஸ் வந்திருக்கு என்றாயே, அந்த போனஸ் எங்கிருந்து வந்தது என்று இப்போது நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

கோட்டேஸ்வர ராவிடம், இது அநியாயமில்லையா என்றேன். என்ன சார் அநியாயம், ரூபாயில பெருக்கிப் பாருங்க, இங்க எவன் தருவான் என்றார். அவள் வாடகையை ரூபாயிலா கொடுக்கிறாள் என்று கேட்டேன், மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் முப்பத்து நாலு வருஷம் வருவாய்த்துறையில் குப்பை கொட்டியவன். அங்கே ஆயிரம் ஊழல் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நாற்காலிக்கு ஒரு சம்பளம், தண்ணீர் கொண்டுவரும் ஆளுக்குக்கூட வருஷம் திரும்பினால் இன்க்ரிமென்ட் உண்டு. உன்னிடம் ஆறு மாதம் வேலை கற்றுக்கொண்டானே பிரையன், அவன் உள்ளூர்க்காரன் என்பதால் அவனுக்கு ஒரு கணக்கு, கற்றுக்கொடுத்தவளுக்கு முதல் படியா? எனக்குத் தாங்கவில்லை, அம்மாடி. ஓய்வு பெற்ற பிறகும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் பத்துப் பேர் நம் வாசலில் நிற்கிறார்கள், ஊரார் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவன் பெற்ற பெண்ணுக்கு எழுதக் கூடாதா என்று தோன்றியது. எழுதினேன்.

உன் கம்பெனித் தலைவர் பெயருக்கு, இரண்டு பக்கம், ஏழு அம்சம். ஆங்கிலத்தில் ஒரு பிழை இருக்காது. கீழே, நகல்: தொழிலாளர் துறை, வாஷிங்டன், தகவலுக்காக, என்று போட்டேன். அந்த நகலை நான் அனுப்பவே இல்லை. நம் பக்கத்தில் நகல் போடுவது அனுப்புவதற்காக இல்லை, அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காரட்டும் என்பதற்காக. மேலிடத்து நகல் இல்லாத மனுவை எந்த தாசில்தாரும் பிரித்துப் பார்க்க மாட்டான், நானே பார்த்ததில்லை. பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, உன் அம்மாவிடம் பென்ஷன் விஷயம் என்று சொன்னேன். மே மாதம் ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அதைப் பூஜை அறையில் வெங்கடேஸ்வர சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு கும்பிடும் போட்டேன் என்றால் என் புத்தியை என்ன சொல்ல.

மறுவாரம் நீ அம்மாவிடம் அழுதாய். உன்னை ஓர் அறைக்குள் கூப்பிட்டார்களாம், கம்பெனி வக்கீல் வீடியோ திரையில் இருந்தாராம், மேஜைமேல் என் மனு இருந்ததாம். தொழிலாளர் துறைக்குப் புகார் போயிருக்கிறதா என்று கேட்டார்களாம், நீ இல்லை என்றாயாம், இதிலே நகல் என்று இருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டினார்களாம். யாரும் கத்தலம்மா, ரொம்ப மரியாதையா பேசினாங்க, அதான் பயமா இருக்கு என்றாய். அந்தப் படிக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதைச் சட்டப்படி கொடுக்கிறோம் என்றார்களாம். சட்டப்படி சரியாகத்தான் இருக்கும், உன்னை அந்தப் படியில் உட்கார வைத்தது யார் என்று அந்த அறையில் யாராவது கேட்டார்களா? உன் விசா நீட்டிப்புக் காகிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்ததை வக்கீல் பார்க்கட்டும் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். ஜூலை ஒன்பதுக்குள் அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் நீ அங்கே வேலை செய்ய முடியாது, நடுவில் வேலையை விட்டு நிறுத்திவிட்டாலும் அறுபது நாளில் புறப்பட வேண்டியதுதான் என்று உன் அம்மா எனக்குச் சொன்னாள். நீ அவளிடம், எனக்கு என்ன தெரியாதாம்மா, எல்லாம் தெரியும், கிரீன் கார்டு வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம்னு இருந்தேன், அப்பா கெடுத்துட்டாரு என்று சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

அன்றைக்கு, சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்றாள், அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனுவைத் திரும்பப் பெறுகிறேன், எல்லாம் என் சொந்தத் தவறு, என் மகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நாலு வரி எழுதி வைத்தேன். அதையும் அனுப்பக் கூடாது, அப்பா பேனாவையே தொட வேண்டாம் என்று நீ அம்மாவிடம் சொல்லிவிட்டாய். சரி. அது மேஜை டிராயரில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை எழுதுவது, அதையும் செய்யாதே என்றால் நான் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை, பேப்பரை இரண்டு தடவை படிக்கிறேன்.

போன திங்கள்கிழமை மஸ்தான் பீ விதவை பென்ஷனுக்காக வந்தாள், முடியாதென்று சொல்ல மனசில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் கைநாட்டு வைத்துவிட்டுப் போன பிறகு உன் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே தலை நிமிராமல், மஸ்தான் பீ நாலு தடவை நடந்து வந்து கேட்டா, எழுதிக் குடுத்தீங்க, நம்ம பொண்ணு எப்பங்க வந்து கேட்டா என்றாள். மனுதாரர் கையெழுத்து இல்லாத மனுக்களை ஆபீசில் எத்தனை திருப்பி அனுப்பியிருக்கிறேன், கணக்கே இல்லை. உனக்காகப் போன மனுவில் உன் கையெழுத்து இல்லை, என்னுடையதுதான் இருந்தது. என் ஊர்ப் பெருமைக்கு நான் போட்ட மனுவோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்றும் செய்துவிட்டேன், திட்டாதே. மாடி அறையில் வாடகைக்கிருந்த வங்கிக்காரப் பையனை இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டேன். அபசகுனமா இப்பவே அறையைக் கூட்டி வைக்கிறீங்களே என்று உன் அம்மா என்மேல் பாய்ந்தாள். பாயட்டும், அவளே நேற்று அந்த அறை ஜன்னலுக்குத் திரைத்துணி அளந்துகொண்டிருந்தாள், நான் பார்த்தும் பார்க்காததுபோல் இறங்கி வந்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியும் காபியுமாக நாளை ஓட்டாதே. அந்தப் பிரையனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அவன் கேட்ட சம்பளத்தை வாங்குகிறான், அவன் மேல் என்ன பிழை. சீதாரத்னம் போன் செய்வாள், பச்சடியை யாராவது உன் ஊர்ப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லி வாங்கிக்கொள். ஜூலை ஒன்பதாம் தேதி எந்தச் சேதியானாலும் அம்மாவிடமே சொல், நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். நீ எந்தக் குறையுமின்றி நூறு வயது இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் நிமிர்ந்து இருக்க வேண்டும். மாடி அறைப் பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அந்த அறை உனக்குத் தேவைப்படக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கையெழுத்துக்குக் கீழே துணை தாசில்தார், ஓய்வு, என்று போட்டே பழகிவிட்டது. இதில் போடவில்லை.

அப்பா