இறங்கினால் ஏறலாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மொட்டைமாடியில் துணி காயப்போடும் வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. நான் பிழிந்த சட்டைகள் அழுதுகொண்டே தொங்குகின்றனவாம். அவள் சொல்கிறாள்.

நீ தண்ணீர்ப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்பிய கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. போனுக்குச் சார்ஜ் போடக்கூட அந்தக் கப்பலில் மின்சாரம் இல்லையென்றால், தபாலை விட்டால் நமக்கு வேறு கதி ஏது? உறையை அம்மாதான் பிரித்தாள். எலித் தொல்லை குறைந்துவிட்டது, குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறது, பயப்படாதீர்கள் என்று நீ எழுதியதையெல்லாம் சத்தமாகப் படித்தாள். கடைசியில், அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துக்கு என்று நீ அனுப்பியிருந்த குறிப்பையும் படித்தாள். 'ஏணியில் இறங்கினால் ஏறலாம். நான்கு எழுத்து.'

இத்தனை வருடமாக என் புதிரில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாதவள், நான் வாய் திறக்கும் முன்பே 'கரையேறு' என்று சொல்லிவிட்டாள். கப்பலை விட்டு இறங்குவதைத்தானே கரையேறுவது என்கிறோம். "கிண்டல் பண்ற அளவுக்குத் தெம்பா இருக்கா. இனிமே எனக்குக் கவலை இல்ல" என்றாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிர் போடுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சொல் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவான். 'இறங்கினால் ஏறலாம்' என்பதோடு உன் குறிப்பு முடிந்துவிட்டது. பிறகு ஏணி எதற்கு? உன் கப்பல் நடுத்தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் படகு வரும். மற்ற நாட்களில் அந்த ஏணிக்குக் கீழே என்ன இருக்கிறது?

மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்த கதையையே அவர் திரும்பச் சொன்னார். முதலாளி திவால். கப்பல் ஏலம் போகும்வரை அதிகாரி ஒருவர் கப்பலில் இருந்தாக வேண்டும். கேப்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், மிஞ்சிய இரண்டாம் அதிகாரியான உன்னை அந்த நாட்டு நீதிமன்றம் பொறுப்பாக்கிவிட்டது. ஏலம் மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறதாம், விலை கேட்க ஆளில்லையாம். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல், நீந்தியே கரைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க கேக்கல, நான் காதுல வாங்கல. போனா பிடிச்சு அதே கப்பல்ல விடுவாங்க, இல்ல உள்ள வைப்பாங்க. அதுவும் கரைக்குப் போய்ச் சேர்ந்தா" என்றார். கடைசி வார்த்தையை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

போன மாதம் ஊர் திரும்பிவிட்ட உங்கள் கப்பல் சமையல்காரருக்குப் போன் செய்தேன். நீ சாயங்காலம் ஆனால் ஏணிப் பக்கம் போய் நின்றுகொண்டு, கரையில் விளக்குகள் எரியத் தொடங்குவதைப் பார்ப்பாயாமே. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "மேல பாத்தா அமைதியாத்தான் இருக்கும் சார். அடியில இழுக்கும்" என்றார்.

துறைமுக அலுவலகத்துக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். சொன்னால் உன்மேல் ஒரு வழக்குப் போடுவார்கள். வைத்துவிட்டேன். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன். விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். நான் அங்கே வந்தாலும் கப்பலில் ஏற விடமாட்டார்களாம், கரையில் நின்று கையசைக்கலாமாம்.

பத்திரிகை ஆசிரியர் இந்த வாரப் புதிரைக் கேட்டார். வராது என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

உனக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம். தெரியாத பிள்ளையாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, இருட்டில் தனியாக இருக்கும் உன்னைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

இதை அம்மாவுக்குக் காட்டவில்லை. அவள் எழுதியது தனி உறையில் வருகிறது, அவளுக்கு எப்போதும்போல் எலியைப் பற்றி எழுது. எனக்கு ஒரே ஒரு வரி போதும். குறிப்பு வேண்டாம், சிலேடை வேண்டாம். ஒரே பொருள் உள்ள சொற்களாகப் பார்த்து, 'அப்பா, நான் தண்ணீரில் இறங்கமாட்டேன்' என்று நேராக எழுது. அடுத்த படகிலேயே கொடுத்தனுப்பு.

கோபமாக இரு, அழுதுகொண்டு இரு, எங்களைத் திட்டிக்கொண்டு இரு. எப்படியாவது இரு, பாப்பா.

உன்
அப்பா