ஆறாம் நடைமேடையில் நின்ற நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பேருந்து நிலையத்தில், ஆறாம் நடைமேடையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சபைப் பிரசுரங்களை அடுக்கிய ஸ்டாண்டோடு நானும் நர்ஸம்மாவும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவருக்குக் கை சும்மா இருக்காது; ஊசிக்குப் பதில் துண்டுப்பிரசுரம் என்று சபையில் கேலி செய்வார்கள். மூன்று பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர், ஈரமாயிருந்த இருக்கையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பத்தேகாலுக்கு என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ் வந்தது. என்னைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, யாரோ மாதிரி. நானும் யாரோ மாதிரிதான் நின்றேன்.

மார்ச் 8, சனி

அவருக்குச் சனிக்கிழமைதான் விடுமுறை. காலையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "ஆத்தங்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?" என்றார். எனக்கு ஊழியம் இருக்கிறது என்றேன்.

"சரிங்க பாஸ்டரம்மா" என்று சிரித்தார். தேய்த்த சட்டையைத் திரும்ப அலமாரியில் மாட்டினார்.

நாள் முழுக்க அந்தச் சட்டை மனதை உறுத்தியது. கர்த்தருடைய வேலையைத்தானே செய்யப் போனேன்? ஏன் திருடப் போனவள் மாதிரி இருந்தது?

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படியாவது எழுதிவிடுகிறேன்.

நடைமேடையின் கோடியில் ஒரு பெண் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் போய், 'கண்ணீர் இல்லாத காலை' என்ற பிரசுரத்தை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் பொண்ண அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகுது. நிம்மதியா அழக்கூட விடமாட்டீங்களா?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய், அப்போதுதான் வந்து நின்ற பஸ்சில் ஏறினாள். என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ்.

"நீ கொடுத்தது வீணாகாது" என்று நர்ஸம்மா தேற்றினார். என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? பேப்பரை அல்லவா நீட்டினேன்!

மார்ச் 13, வியாழன்

நிலைய மேலாளரிடம் ஓட்டுநர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். நிலையத்துக்குள் எந்த மதப் பிரச்சாரமும் கூடாதாம். முதல் கையெழுத்து என் வீட்டுக்காரருடையது.

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "என்னையே வெளிய தள்ளுறீங்களா?"

"உன்னை இல்ல. அந்தப் பிரசுர ஸ்டாண்டை."

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே. வேண்டாதவங்க விலகிப் போகட்டும்."

"எங்க போவாங்க? பஸ் வர்ற வரைக்கும் அங்கதான நின்னாகணும்? பஸ் ஸ்டாண்டு எல்லாருக்கும் பொது. என் வண்டில எந்தச் சாமி படமும் நான் ஒட்ட விட்டதில்ல. ஏன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. இவர் எப்போது மனம் திரும்புவார் என்றுதான் கேட்டிருக்கிறேன் — அதுவும் இவரிடம் இல்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "செத்தப்புறம் நீங்க இல்லாத இடத்துல நான் மட்டும் போய் என்ன பண்றது? அதுக்குத்தானே இவ்ளோ பாடுபடறேன்?"

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "உயிரோட இருக்கற சனிக்கிழமைலயே நீ இல்லையேம்மா" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 20, வியாழன்

மேலாளர் இரண்டு தரப்பையும் அழைத்திருந்தார். நர்ஸம்மா விடவில்லை. "சுவர் பூரா துணிக்கடை விளம்பரம். அது மட்டும் பொதுவோ? பேசற உரிமை எங்களுக்கும் உண்டு."

"நியாயமான கேள்விதான்" என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா விளம்பரம் சுவத்தோட நின்னுடும்மா. அழறவங்களத் தேடி வராது."

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண் இவர் பஸ்சில்தானே ஏறினாள்; எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் நீட்டிய கை யாருடையது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை.

முடிவு: வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொள்ளலாம். கேட்டு வருபவருக்குக் கொடுக்கலாம். நாமாகப் போய் நீட்டக் கூடாது. நர்ஸம்மாவுக்குத் துரத்திவிட்டார்கள் என்று ஆத்திரம். எனக்கு ஏனோ கோபமே வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இனிமேல் செவ்வாய் மட்டும் வருகிறேன் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன்.

"புருஷனுக்குப் பயந்துட்டியா?"

"பயமில்ல. அவரைப் பாக்கணும் போல இருக்கு."

"தினமும் பாத்துக்கிட்டுதான இருக்க?"

மீதிப் பிரசுரங்களை எண்ணி அவர் பையில் வைத்தேன்.

மார்ச் 29, சனி

காலையிலேயே குளித்துத் தயாராகி உட்கார்ந்திருந்தேன். அவர் காக்கிச் சட்டையில் வந்தார்.

"லீவ மாத்திட்டேனே... போன வாரம் டிப்போல சனிக்கிழமைக்கு ஆள் கேட்டாங்க. நீ எப்படியும் இருக்க மாட்டேன்னு சரின்னுட்டேன்."

போய்விட்டார். வீடு ஹோவென்று இருந்தது. இத்தனை சனிக்கிழமையும் இவர் இந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாரா?

நானும் கிளம்பினேன். நிலையத்தில் அவருடைய பஸ்சில் ஏறி, கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"எங்க போகணும்?" என்றார்.

"எங்கயும் இல்ல."

"பிரசங்கமா?"

"இல்ல."

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். மூடியில் எனக்கு, டம்ளரில் அவருக்கு என்று டீ ஊற்றினார். பழக்கத்தில் ஜெபிக்கக் கண்ணை மூடப் போனவள், சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"பண்ணிக்கோ" என்றார். "வண்டி எடுக்க இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

இரண்டே வரி ஜெபம். இரண்டிலும் எதிரே உட்கார்ந்திருந்தவர்தான். கண்ணைத் திறந்தபோது, தன் டீயைத் தொடாமல் கையிலேயே வைத்திருந்தார்.