நாற்பத்தொரு பேர் கேட்டது

அன்பு மகன் இசக்கிராஜாவுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே மழையும் நானும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க இசக்கியம்மன் துணை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வியாழக்கிழமையிலிருந்து அதைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது போன் வாங்கித் தந்து, என் முகத்தை அமுக்கிப் பேசும்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் முகம் அதில் இரண்டு இடத்தில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும், மேலே நின்றதை அமுக்கினேன். அது கல்யாணத்துக்காக நீ போட்ட குரூப்பாம், இரண்டு வீட்டுச் சனமும் இருக்கிறார்களாம். நான்கு மாதமாக உனக்கென்று நினைத்துப் பேசிப் பதிந்து அனுப்பியதெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. தினமும் காலையில் பூப்படம் வருமே, மகன் மறக்காமல் அனுப்புகிறான் என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அனுப்பியது உன் மாமனாரின் தம்பியாம்.

தெரிந்தது இப்படித்தான். நான் வேலை பார்க்கும் இஞ்சிக் கிடங்கில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு பிசகியதிலிருந்து, உன் மாமியார் லோகாம்பாள் சுள்ளிக்கல்லிலிருந்து வாரம் தவறாமல் வந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்துவிட்டுப் போகிறாள். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று இருந்தேன். இந்த வியாழன்தான் கேட்டேன். நீங்கதான மதினி அழுதுக்கிட்டே சொன்னீங்க, தல சீவக்கூட ஆளில்லன்னு என்றாள். நான் என் மகனிடம் மட்டுமல்லவா சொன்னேன் என்றதும், கூட வந்திருந்த அவள் மகள் அஞ்சனா போனை வாங்கிக் காட்டினாள்.

லோகாம்பாளைப் பற்றி நான் பேசியதும் அதில்தான் கிடக்கிறது. தாம்பூலத் தட்டில் நேற்றைய பூவை வைத்தாள், கருமி, பெண்ணும் இவளைப் போலவே வந்து வாய்த்தால் என் கதி என்ன என்று. அதைக் கேட்ட பிறகும் தன் கையால் என் தலையைத் தொட்டிருக்கிறாள். அவளோ, பூ வாடித்தான் போச்சு மதினி, பிராட்வே மார்க்கெட்ல வாங்கி வரும்போது பஸ்ஸு பாலத்துல ஒரு மணிக்கூறு நின்னுபோச்சு என்று சொல்லிக்கொண்டே ஜடையை முடித்தாள். வருகிற தை மாதக் கல்யாணம் அன்றைக்கே நின்றிருக்க வேண்டியது, இந்த மனுஷியால் நிற்கவில்லை. ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே என்று கேட்டேன். குரூப்பில் யாராவது தெரியாமல் பேசிவிட்டால் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பதுதான் மரியாதையாம். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் ராசா, எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகுதான். ஒவ்வொரு பேச்சையும் யார் யார் கேட்டார்கள் என்று அதிலேயே தெரியுமாம். அஞ்சனா பட்டியலை வாசித்தாள். நாற்பத்தொரு பேர். உன் பெயர் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் குரூப்பைச் சத்தம் வராமல் மூடி வைத்திருப்பார் அத்தை, வேலை அப்படி என்று உனக்காகப் பரிந்து பேசினாள், நல்ல பெண். நான் விழுந்ததை நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்காதபோதெல்லாம், கேட்டால் அழுவான், அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோபமில்லை, திகைப்புதான் இன்னும் போகவில்லை. மணிக்கட்டு இப்போது பேனா பிடிக்கும் அளவுக்கு ஆறிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக் குல்லாய் போடு. இது கிடைத்ததும் எனக்குப் போன் போடும் முன் உன் மாமியாருக்குப் போடு. நீயும் அஞ்சனாவும் நிறைவாக நூறு வருஷம் வாழ வேண்டும். இந்தக் கடிதத்தின் மேல் உன் பெயர் ஒன்றுதான் எழுதியிருக்கிறேன், நீயே பிரித்துப் படி.

உன் அம்மா,
மாயம்மாள்