கூரைத் தகரத்துப் பூக்கள்

அன்புள்ள செரஃபினுக்கு,

லஸ்தேனியா எழுதுவது. மேகத்து மாதாவின் தயவால் நானும் நூபெயும் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் 'வீட்டில் எல்லாரும் சுகம்' என்று எழுதுவேன். இந்தத் தடவை முடியவில்லை. உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதீர்கள், உயிருக்குப் போராடுகிறார், ஆனால் இருக்கிறார். கடிதத்தை முழுவதும் படியுங்கள். பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடாதீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தொலைபேசி நிலையத்தில் கூண்டின் கதவு சாத்துவதில்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்கு நம் வீட்டுக் கதை ஏற்கெனவே பாதி தெரியும். மீதியையும் நானே ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்? அதனால் கூரியர்காரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டை இடித்த இடத்தில் புது வீடு நிமிர்ந்து நிற்கிறது. ஓடு வேய்ந்து முடியப்போகிறது. முகட்டில் சிலுவை வைத்து, சுவாமியார் தண்ணீர் தெளித்து, ஊருக்குச் சோறு போட வேண்டியதுதான் பாக்கி. நூபெக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நீங்கள் அனுப்பிய சப்பாத்து அவள் காலுக்குப் பத்தவில்லை. பிள்ளை வளர்கிறது என்பதை அங்கிருந்தபடியே எப்படி அளப்பீர்கள், அது உங்கள் தப்பில்லை.

சிலுவைக்கு வருகிறேன். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

சிலுவையை வாங்கிச் சுமந்து வருகிற ஞானத்தகப்பனாக ஓல்மேதோவை வைத்தீர்கள். சரி, நல்ல மனிதர். ஆனால் சிலுவையைப் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற வெல்டிங் கடையில் வாங்கச் சொன்னீர்களே, அப்போது என்ன நினைத்துக்கொண்டீர்கள்? கொல்லர் தெருவில், உங்கள் அப்பா டான் பெலிசாரியோவின் பட்டறைக்குப் பின்னாலேயே எழும்புகிற வீட்டுக்குக் கடைச் சிலுவை! அச்சில் அடித்த பூ, மேலே தங்கப் பெயின்ட். ஓல்மேதோ அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவழியே வந்தபோது அவரவர் பட்டறையில் சுத்தியல் நின்றுபோனது. எதிர்வீட்டு அல்சிதெஸின் மனைவி என் காதில் படும்படியே, "ரொட்டி சுடுறவன் வீட்டுல கடை ரொட்டி வாங்கித் தின்ன கதையா இருக்கே" என்றாள். அப்பா வெளியே வந்தார். ஒரு பூவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

நீங்கள் பட்டறையை விட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பிய காலையில் ஆசி கேட்டு வாசலில் முழங்கால் போட்டீர்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு துருத்தி ஊதினார். அந்த வலி எனக்குத் தெரியாதா? பக்கத்தில் நான்தானே நின்றேன். அதன்பிறகு நீங்கள் அவரை விசாரிப்பதில்லை, அவரும் உங்கள் பேரை எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாத சுவர் மாதிரி நிற்கிறேன். ஆனால் சிலுவை வந்த நாளிலிருந்து அவர் பட்டறையைத் திறக்கவில்லை. சோளத்தை வேகவைத்து முன்னால் வைத்தால் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஒரு பொய் சொன்னேன்.

நீங்கள் போன் செய்ததாகச் சொன்னேன். "மாமா, சிலுவை வாங்கினது ஓல்மேதோவோட அவசரமாம். பூ மட்டும் உங்க கையாலதான் வேணும்னு அவர் சொல்றாரு" என்றேன். தட்டிலிருந்து நிமிரவில்லை. "வேற என்ன சொன்னான்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை, செரஃபின். ஐந்து வருஷமாக மகன் குரலைக் கேட்காதவர், வேற என்ன சொன்னான் என்று கேட்கும்போது, 'ஒன்றுமில்லை' என்று எப்படிச் சொல்வது? பழைய வீட்டிலிருந்து பிரித்த கூரைத் தகரங்கள் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. கண்ணில் பட்டதை வைத்தே கதை கட்டினேன். "அந்தத் தகரத்துலயே செய்யணுமாம் மாமா. சின்னப் பிள்ளையில மழைச் சத்தம் கேட்டுத் தூங்கின கூரையாச்சே, அது வீணாப் போகக் கூடாதாம்" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "தகரத்துலயா? அவன் வாயால சொன்னானா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, செய்றேன்" என்றார்.

நான் தொப்பி பின்னுகிறவர் வீட்டுப் பெண். எனக்கு வைக்கோல் தெரியும், இரும்பு தெரியாது. தகரத்தின் மேல் பூசியிருக்கிற துத்தநாகம் நெருப்பில் பட்டால் விஷப்புகையாக வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இந்தத் தெருவில் பல் விழாத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயமாம். எனக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் உலை மூட்டினார். அலைத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, இதழ் இதழாக வெட்டி, நெருப்பில் காய்ச்சி, மரக்கட்டைக் குழியில் வைத்துச் சுத்தியலால் குழித்தார். குறட்டால் ஓரத்தை மடக்கினார். பட்டறையிலிருந்து வெள்ளையாக ஏதோ பஞ்சு மாதிரி மிதந்து வந்தது. நான் வாசலில் நின்று அழகாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டிருந்தேன். நூபெ அதைப் பிடிக்க ஓடினாள். அவர் ஒருநாளும் இல்லாத குரலில், "வெளிய போங்கடி ரெண்டு பேரும்! கிட்ட வந்தா காலை ஒடிச்சிருவேன்!" என்று கத்திக் கதவைச் சாத்திக்கொண்டார். கிழவருக்குக் கொழுப்பு என்று நான் முணுமுணுத்தேன். கதவைச் சாத்தி அந்தப் புகை முழுவதையும் தனக்கே வைத்துக்கொண்டார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

சாயங்காலம் குளிர்க்காய்ச்சல். வாயெல்லாம் தித்திக்கிறது என்றார். அல்சிதெஸ் ஓடிவந்து பால் குடிக்க வைத்தார். "டான் பெலிசாரியோ, உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வினிகர்ல ஊறப்போட்டா பூச்சு போயிருமே, நான் தொட்டி தரேனே!" என்று கத்தினார். உங்கள் அப்பா, "கேட்டவனுக்கு அது தெரியும்" என்று மட்டும் சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கியதும் மறுபடி எழுந்து போய் மீதிப் பூக்களையும் முடித்தார். அதன்பிறகு இருமல். அதன்பிறகு மூச்சு. ஓல்மேதோவின் வண்டியில்தான் கொண்டுபோனோம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்கிறார் டாக்டர். இந்த வயசில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாதாம். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயோடு சுவாமியாரும் வந்து போய்விட்டார்.

பூக்கள் சாக்கில் இருக்கின்றன. ரோஜா, கார்னேஷன், பேர் தெரியாத ஏதோ ஒன்று. சில இதழ்களில் தகரத்தின் அலை அப்படியே நிற்கிறது. தெருவில் இப்படி யாரும் செய்ததில்லை என்று அல்சிதெஸ் சொல்கிறார். எனக்குச் சாக்கின் பக்கம் போகவே கால் கூசுகிறது.

இனி எழுதப்போவதுதான் எனக்குத் தூக்கமில்லாமல் செய்வது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அல்சிதெஸ் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். சின்ன வயதில் ஒரு தடவை நீங்கள் தகரத் துண்டை உலையில் போடப் போனீர்களாம். அப்பா உங்கள் காதைத் திருகி, அது ஆளைக் கொல்லும் என்று சொன்னாராம். அதனால் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்பது அப்பாவின் நினைப்பு. அல்சிதெஸிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் மகன் தெரிஞ்சேதான் கேட்டிருக்கான். முட்டி போட்டவனுக்கு நான் முதுகைக் காட்டினேன்ல, அதுக்கு இது. கேட்டுட்டான், குடுத்துர்றேன். இனிமே அவனுக்கும் எனக்கும் மனஸ்தாபம் கிடையாது."

செரஃபின், நான் சமாதானம் என்று நினைத்துச் சொன்னதை அவர் தண்டனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவரைச் சாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, சரி என்று அதைச் செய்திருக்கிறார். உங்களை அப்படிப்பட்ட மகனாக்கியது நான். அவரை அந்தப் புகையில் உட்காரவைத்ததும் நான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார், அறியாமல் செய்தது பாவமில்லை என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

அப்பாவிடமே போய் உண்மையைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அவர் கேக்கவே இல்ல. போனே வரல. எல்லாம் நான் கட்டின பொய். என்னை அடிங்க" என்று அழுதேன். அவர் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்தார். என் கன்னத்தைத் தட்டினார். "நல்ல பொண்டாட்டி நீ. புருஷனை விட்டுக்குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் மகளே" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. என் பொய்யை உடனே நம்பினவர், உண்மையை நம்ப மறுக்கிறார். இனி நான் எந்த வாயால் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

உங்கள் வாய் ஒன்றுதான் மிச்சம்.

எதைச் சொல்லச் சொல்வது என்று நிறைய யோசித்தேன். நான் கேட்கவே இல்லை என்று நீங்கள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அப்போது மகன் அப்பா கையால் ஒரு பூகூட வேண்டும் என்று கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துபோகும். அதைத் தாங்குகிற மூச்சு அவரிடம் இல்லை. அதனால் என் பொய்யில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பூ கேட்டது நான்தான் அப்பா என்று சொல்லுங்கள். தகரத்தைத் தீயில் வைக்கக் கூடாது என்பது எனக்கு மறந்தேபோச்சு, இங்கே ஓட்டலில் தட்டு கழுவிக் கழுவி எல்லாம் மறந்துபோச்சு என்று சொல்லுங்கள். கொல்லன் மகன் அப்படிச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். உங்கள் ரோஷமும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அவர் மறதிக்கார மகனைப் பெற்றவராக இருக்கட்டும், கொலைகார மகனைப் பெற்றவராகப் போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுங்கள். வார்டு சிஸ்டரிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன், போனைக் கட்டில்வரை இழுத்துத் தருவார். எண் உறையின் பின்னால் இருக்கிறது. அவர் பதில் பேசாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள், காது கேட்கிறது.

என்மேல் கோபம் இருந்தால் அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காட்டுங்கள், நான் எங்கும் போகமாட்டேன். மாதா உங்களை அந்த ஊர்க் குளிரிலிருந்து காப்பாற்றட்டும். நூபெ முத்தம் அனுப்புகிறாள்.

நீங்கள் மறந்துவிட்டதாகச் சொன்னதும் அவர் உங்களைத் திட்டுவார். "மடையா, இத்தனை வருஷம் கத்துக்குடுத்து என்னத்தைக் கிழிச்சே" என்று நிச்சயம் திட்டுவார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், செரஃபின். அவர் மூச்சு உள்ளவரை திட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் லஸ்தேனியா