நீல விளிம்பு டொலர்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பான் நகரம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். செயற்கைப் பல் செய்யும் எங்கள் கூடத்தில் தலைக்கு மேல் வேலை.

மாலையில் விளக்கின் கீழ், புதிதாக வாங்கிய டொலர் நாணயம். அமெரிக்க வெள்ளி, நூறு வயது தாண்டியது. கையுறை, லென்ஸ். பெண்முகத்தின் கன்னத்தில் அடி இல்லை. காதுக்கு மேல் முடி தெளிவு. பின்பக்கக் கழுகின் நெஞ்சு மட்டும் கொஞ்சம் மழுங்கல். சாய்த்தால் ஒளி சக்கரமாகச் சுற்றுகிறது. தரத்தில் எழுபதுக்கு அறுபத்துநாலு கொடுக்கலாம். ஆனால் விளிம்பில் நீலம், உள்ளே செம்மஞ்சள். காலம் தானாகப் பூசிய நிறம். பார்த்தால் கீழே வைக்க மனம் வராது.

ராகவனுக்குப் படம் அனுப்பினேன். மார்ச்சில் நாணயச் சந்தையில் ஒரே தட்டுக்கு இருவரும் கை நீட்டியதிலிருந்து இப்படித்தான். அவர் டிரெஸ்டனில் ஆராய்ச்சி, நான் இங்கே. பேச்செல்லாம் காசைப் பற்றி மட்டும்.

நவ. 5, புதன்

ராகவன் போன். "நான் அறுபத்தஞ்சு குடுப்பேன். ஆனா ஃபோட்டோல லஸ்டர், அந்த மினுமினுப்பு, தெரியாதுங்க. கையில வச்சு சாய்ச்சுப் பாக்கணும். சனிக்கிழமை வரட்டுமா?"

"ஓம், வாங்கோ."

என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

வாங்க: தேங்காய்ப்பால், முருங்கைக்காய், குளியலறை பல்பு. மீன்? (சாப்பிடுவாரா, கேட்கவில்லை.) சேலையா, ஜீன்ஸா?

நாற்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து. மணமுறிவுக்குப் பிறகு ஒருவர் வருவாரென்று வீடு கூட்டியதில்லை. ஏக்கம்தான். வேறு பெயர் வைத்து என்ன.

நவ. 7, வெள்ளி

பேய்க்காற்று. வேலை முடிந்து வந்தால், கீழ்வீட்டுத் தேவி அக்கா என் சாமித்தட்டைத் துலக்கி விளக்கேற்றியிருந்தார். என் வீட்டுக் கதவின் திறப்பு ஒன்று அவரிடம். வெள்ளிக்கிழமை உதவி.

லட்சுமி படத்தின் முன் டொலர். வெள்ளை வெளேரென்று. நடுவில் குங்குமம்.

"பாவம், மேசையில கறுத்துப்போய்க் கிடந்தது பிள்ளை. திருநீறு போட்டு நல்லா மினுக்கிவிட்டனான். இப்ப பார், புதுசு மாதிரி."

"ஓம் அக்கா. வடிவாயிருக்கு."

வேறென்ன சொல்ல? எங்கள் வீடுகளில் வெள்ளிச் சாமானை அப்படித்தான் துலக்குவோம்.

அக்கா போனதும் லென்ஸில் பார்த்தேன். கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல். நீலம் போய்விட்டது. சாய்த்தால் எதுவும் சுற்றவில்லை. தேய்த்த காசுக்கு யாரும் தரம் போட மாட்டார்கள். அது போகட்டும். ராகவன் இங்கே வர இருந்த ஒரே சாக்கு அதுதான். அதை நினைத்துத்தான் அழுதேன்.

சொல்லாமல் வரவழைத்தால்? வேண்டாம், அது ஏமாற்று. அவருக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லுங்க, இப்பதான் டிக்கெட் போட உக்காந்தேன்."

நடந்ததைச் சொன்னேன்.

"அய்யோ. கலர் ஃபுல்லாப் போச்சா?"

"ஓம். ஒண்டும் மிச்சமில்லை."

பிறகு மெல்ல, "அப்போ அங்க வந்து பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லையேங்க."

"நான் இருக்கிறன்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. திருப்பி எடுக்க முடியாது. அந்தப் பக்கம் ஒரு டிராம் போகிற சத்தம். அது போய் முடியும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றார்.