மாசிமகத்துக்கு முன்னால் ஓர் அலை

1935 பிப். 12, செவ்வாய்

காலையில் பனி. மூக்கடைப்பு. மிளகுக் கஷாயம்.

அலை விருத்தம் ஐந்தும் சுத்தப் பிரதி எடுத்தாயிற்று. மாலை லஸ் அருகே முன்சீப் வீடு. பென்ஷன் வாங்கும் முன்சீப். எங்கள் தமிழ்ச் சபைக்குத் தலைவர். (இனி மு.) ஞாயிறு சபையில் வாசிக்க அவர் சம்மதம் வேண்டும். எனக்கு அறுபத்தேழு வயதில் முதல் வாசிப்பு.

படித்துவிட்டு, விஷயம் என்ன என்று கேட்டார். சாந்தோம் கரையில் மீனவர்கள், கட்டுமரத்தை மணலில் ஏற்றிவிட்டு, உடைந்த பலகையில் குப்புறப் படுத்து அலைமேல் கரைக்கு வருகிறார்கள். காரியம் எதுவும் இல்லை, விளையாட்டு. அதுதான் விஷயம் என்றேன்.

"தத்துவம் எங்கே ஓய்? சமுத்திரம்னா பிறவிக்கடல், பலகைன்னா பகவான் திருவடி. கடைசியில ஒரு விருத்தம் சேர்த்துடும். இல்லேன்னா குப்பத்துக் கும்மாளத்துக்கு சபை எதுக்கு?"

சேர்க்காவிட்டால் வாசிப்பு இல்லை. தலையாட்டிவிட்டேன். ஆபீஸ் பழக்கம். மேலதிகாரி திருத்திய வரைவில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் திருப்பிக் கேட்டதில்லை.

பிப். 13, புதன்

ஆறாவது விருத்தம் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எதுகை, மோனை, திருவடி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. அதனாலேயே சந்தேகம். முதல் ஐந்துக்கு ஐந்து மாதம்.

மு.வுக்குப் பிரதி அனுப்பியாயிற்று. "இப்போதுதான் பூர்த்தி" என்று பதில்.

வாங்க: பேனா மை, நார்த்தங்காய், ஜானகிக்கு மூக்குப்பொடி (யாரும் பார்க்காமல்).

பிப். 14, வியாழன்

பனி. காற்று இல்லை. விடிந்ததும் கடற்கரை. கையில் ஆறு விருத்தம். உரக்கப் படித்துப் பார்த்தேன். ஆறாவதைப் படிக்கும்போது எனக்கே கூச்சம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த அந்தோணி கிட்டே வந்தான். பலகைச் சவாரிக்காரன், மீசை நரைத்தவன், ஐந்து மாதமாக முகம் மட்டும் பழக்கம்.

"இன்னா அய்யரே, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் தெனம் தண்ணிய பாத்துக்கினு குந்திக்கினு கீறே. புடிச்சிக்குதா, புடிக்கலியா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம், என்மேல்தான். பர்வ தினம் தவிர சமுத்திரத்தைத் தொடக் கூடாது என்பது எங்களுக்குச் சாஸ்திரம். அமாவாசை, பௌர்ணமி, கிரகணம், மாசிமகம். அன்றும் சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்ல, மூன்று முழுக்கு, உடனே கரை. கடல் எனக்குத் தீர்த்தமாகத் தெரியும். தண்ணீராகத் தெரியாது. தெரியாமலே ஐந்து விருத்தம்.

சட்டை, மூக்குக் கண்ணாடி, காகிதங்கள் எல்லாம் மணலில். வேஷ்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு பலகையைக் கேட்டேன். விளையாட்டாகக் கேட்கிறேன் என்று நினைத்தான். இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "மூச்ச புடிச்சிக்க. பலகய வுட்றாத" என்று இடுப்பளவு நீரில் கூடவே நின்று தள்ளிவிட்டான்.

முதல் அலை வாய்க்குள். இரண்டாவதும். மூன்றாவது எடுத்துக்கொண்டது.

எழுத வரவில்லை. முயல்கிறேன். முதலில் பின்னால் இழுப்பு. வயிற்றுக்கடியில் நீர் திரளுகிறது. பிறகு சத்தம் காதை விட்டுப் போகிறது. கரை தானாக ஓடி வருகிறது. மணலில் முழங்கை சிராய்த்து நின்றேன். என்னவோ கத்தினேனாம். அந்தோணி சொன்னான்.

விருத்தத்தில் அலையைக் குதிரை என்று எழுதியிருந்தேன். தப்பு. குதிரைக்கு முதுகில் ஆள் இருப்பது தெரியும். அலைக்குத் தெரியாது. அங்கே திருவடி எதுவும் இல்லை. பயம் இருந்தது, அப்புறம் பயம் இல்லை, அவ்வளவே.

கொல்லைப்புறமாக வீட்டுக்குள். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய ஜானகியிடம் செல்லுமா?

"மாசிமகத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கே. உங்க வேஷ்டி மட்டும் முந்திண்டு போயிட்டு வந்துடுத்தா?"

பலகையில் படுத்துக்கொண்டு வந்தேன் என்றேன். முழங்கைக்கு மஞ்சள் வைத்தாள். பிறகு, எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

பிப். 15, வெள்ளி

உடம்பெல்லாம் வலி. தும்மல் இல்லை (ஆச்சரியம்).

குதிரை என்ற வரியை அடித்துவிட்டேன். புது அடி: ஏறினேன் என்பதும் பொய், எடுத்துக்கொண்டது நீர்.

தளை சரிதானா? இரண்டு தரம் பார்த்தேன். சரி. ஆறாவதைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

பிப். 16, சனி

கிழித்தது சரியா? மு. கெட்டவர் இல்லை. சபைக்கு நாற்காலி, விளக்கு எல்லாம் அவர் உபயம். எதிர்த்து நின்றால் மயிலாப்பூரில் வேறு எங்கே வாசிப்பேன்? ஆறாவது மனப்பாடம்தான், திரும்ப எழுத அரை மணி போதும். காகிதம் எடுத்தேன்.

ஜானகி எட்டிப் பார்த்தாள். "அந்த ஆறாவதுல நீங்க இல்லையே. வேற யாரோன்னா இருக்கா" என்றாள். எப்போது படித்தாள்?

காகிதத்தை மடித்து வைத்தேன்.

பிப். 17, ஞாயிறு

மாலை சபை. நல்ல காற்று. நாளை மகம் ஆதலால் ஊரில் கூட்டம். மண்டபத்தில் நிற்க இடமில்லை. எனக்கு முன்னால் இருவர். ஒருவர் தாமரை, ஒருவர் சந்திரோதயம்.

ஐந்தும் வாசித்தேன். குப்பத்துப் பலகை வந்த இடத்தில் முன்வரிசையில் இருமல். எடுத்துக்கொண்டது நீர் என்ற இடத்தில், பின்னால் யாரோ இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இன்னொரு தரம் வாசித்தேன். காகிதத்தை மடித்தேன்.

மு. கையில் நான் புதனன்று அனுப்பிய பிரதி. "ஆறாவது ஓய்" என்றார் மெதுவாக, மறந்துவிட்டேன் என்று நினைத்து.

"ஆறாவது கிடையாது."

"சமுத்திரத்தில் பாதியில விட்டுட்டீரே."

"இல்லே. கரைக்கு வந்தாச்சு."

சிலர் சிரித்தார்கள். மு. சிரிக்கவில்லை. சபைக் குறிப்பில் 'கவிதை பூர்த்தியாகவில்லை' என்று பதிவாகும், அடுத்த வருஷம் வாசிக்க அழைப்பும் இராது என்றார்.

ஆனாலும் சொன்னேன். "எழுதிக்கோங்கோ. பூர்த்தியாச்சுன்னு எழுதினவன் சொன்னான்னு அதுக்குக் கீழேயே எழுதிக்கோங்கோ."

உட்காரச் சொன்னார். அவர் பேனாவை எடுத்து எழுதும்வரை நான் உட்காரவில்லை.