ஆயிரம் கொக்கும் ஒரு தும்மலும்

ஜனவரி 15, திங்கள்

காலை ஆறு மணிக்குள் பதினோரு தும்மல். கினாகோவுக்கு மறுபடியும் மூக்கு ஒழுகுகிறது. ஆகஸ்டில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, இது மூன்றாவது. முன்னங்கால்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூக்கைத் துடைத்துத் துடைத்து முடியெல்லாம் கஞ்சி போட்டதுபோல் விறைத்துக் கிடக்கிறது. முயலுக்கு ஏது கைக்குட்டை.

எட்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் செய்து அரைநாள் விடுப்பு கேட்டேன். எடுத்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் உஷியாமா. "காரணம் என்ன போடட்டும், கிதாஜிமா சான்?" என்றார். எங்கள் குடிநீர் அலுவலகத்தில் யார் எங்கே போனாலும் வாசலருகே இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதியாக வேண்டும். நாற்பத்தாறு வயதுக்காரி, முயலுக்கு மூக்கு ஒழுகுது என்று எப்படிச் சொல்வது? "வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல சார்" என்றேன். பொய்யில்லை. வீட்டில் இருப்பதே நாங்கள் இருவர்தான், எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

"ஓ" என்றார். மேலே கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அதுதான் மரியாதை.

நாலு ஸ்டேஷன் தள்ளி டாக்டர் ஹதானோ. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தார். "இது முழுசாப் போற வியாதி இல்லீங்க. அடக்கி வச்சுக்கலாம். மருந்தை நிறுத்தினா திரும்பத் தலை தூக்கும்."

"எங்க ஆபீசுக்கு வர்ற புகார் மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"முயல் மூக்காலதான் மூச்சு விடும். மூக்கு அடைச்சா சாப்பிடாது. சாப்பிடலேன்னா வயிறு நின்னுடும். அரைநாள் சாப்பிடலேன்னாலே ஓடி வந்துடுங்க. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்துடாதீங்க."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் கூடையை மடியில் வைத்து, உள்ளே விரல் விட்டுப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 18, வியாழன்

மருந்து ஒரு மில்லி. அரை மில்லி கினாகோவின் வயிற்றில். மீதி என் மூக்குக்கண்ணாடியில்.

ஜனவரி 23, செவ்வாய்

தேநீர் அறையில் கோமாட்சு பிடித்துக்கொண்டாள். பதினாறு வருடமாகப் பக்கத்து மேசை. குரலைத் தாழ்த்தி, "சாப்பாடு இறங்குதா?" என்றாள்.

"நேத்து ரெண்டு கீரை. அவ்வளவுதான்."

"அய்யோ. இருமலா?"

"தும்மல். மூக்கு வழிஞ்சுக்கிட்டே இருக்கு. தானே கையால தொடச்சுக்குது, பாவம்."

"குழந்தை மாதிரி ஆயிடறாங்க இல்ல." கோமாட்சுவின் கண் கலங்கிவிட்டது. "எழுந்து நடமாட்டம் உண்டா?"

"நேத்து சோபா மேல ஏறிக் குதிச்சுது."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் ஒருவர் என்றால் என் அம்மாவைத்தானே நினைப்பார்கள்? கோமாட்சுவின் அம்மா போன வருடம்தான் நிமோனியாவில் போனார். துக்க வீட்டு வாசலில், வந்தவர்கள் பெயரை எழுதிக்கொள்ள உட்கார்ந்திருந்தவளே நான்தான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "உங்க அன்புக்கு நன்றி" என்று வந்தது.

எதற்கு நன்றி? மடச்சி.

ஜனவரி 30, செவ்வாய்

மருந்தை ஆவியாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் நெபுலைசர் வந்துவிட்டது. குளிர்காலப் போர்வை வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினேன். காலையும் மாலையும் கால் மணி நேரம். புகைக்கு நடுவே கண்ணை மூடி, வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்த பெரிய மனுஷி மாதிரி இருக்கிறாள். பெட்டிக்கு வெளியே நான் குந்தியிருக்கிறேன். தினமும் பத்து நிமிடம் தாமதம். தலைவர் ஒன்றும் சொல்வதில்லை, அனுதாபத்தோடு தலையை மட்டும் ஆட்டுகிறார். திட்டினாலாவது தேவலை.

பிப்ரவரி 2, வெள்ளி

நாகோயாவிலிருந்து அம்மா போன். எழுபத்தைந்து வயது, புதிதாக நடன வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மூச்சு வாங்காமல் இருபது நிமிடம் பேசினாள். "பேத்தி வேணும்னு கேட்டேன், காது நீளமா ஒண்ணை வச்சிருக்கே. அதுக்கு எப்படி இருக்கு?" என்றாள். அம்மாவை நோயாளியாக்கி வைத்திருப்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

மதிய இடைவேளையில் கூட்ட அறைக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. தெரிந்துவிட்டதோ?

பிப்ரவரி 9, வெள்ளி

தெரியவில்லை. தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆயிரம் காகிதக் கொக்கு, நோயாளி குணமாக வேண்டிக்கொண்டு மடிப்பது. பதினேழு பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் மடித்து, நிறம் நிறமாக நூலில் கோத்து வைத்திருக்கிறார்கள். மீட்டர் கணக்கெடுக்கும் ஆட்கள் கூட மடித்தார்களாம். ஊதா வரிசை முழுக்கத் தலைவருடையது. முப்பது வருடம் குழாய் அடைப்பு எடுத்த விரல்கள், கொக்கெல்லாம் வாத்து மாதிரி இருக்கிறது. கோமாட்சு தனியாளாக இருநூறு. மணிக்கட்டில் வலிக்குப் பட்டை ஒட்டியிருந்தாள்.

"உங்க வீட்ல சீக்கிரம் குணமாகணும்" என்று தலைவர் குனிந்து வணங்கினார். எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன், நிமிர மனசே வரவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கொக்கு மாலையைத் திரைச்சீலைக் கம்பியில் மாட்டினேன். அழகாகத்தான் இருக்கிறது. இன்று மூன்றே தும்மல். கொக்குக்கு நிஜமாகவே சக்தி உண்டோ என்னவோ.

பிப்ரவரி 13, செவ்வாய்

இரவு மணி பதினொன்று. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் கினாகோ மூலையில் சுருண்டு கிடந்தாள். கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. கூண்டில் ஒரு புழுக்கை இல்லை. நிமிர்ந்தால் ஊதா வரிசையின் அடிப்பகுதியைக் காணோம். முப்பது நாற்பது கொக்கு இருக்கும். நாற்காலியில் ஏறி நின்று தின்றிருக்கிறாள்.

வெளியே முழங்கால் வரை பனி. ரயில் ஓடவில்லை. தலைவருக்குப் போன் செய்தேன். "சார், இன்னிக்கு லீவு, நிலைமை மோசம், சாப்பிடல, ரயில் வேற இல்ல—"

"வாசல்ல நில்லுங்க. நான் வரேன்."

வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டார். கால் மணியில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய குட்டி லாரியோடு வந்து நின்றார். பின்னால் இரண்டு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பை. "அம்மாவைத் தூக்கணுமா? நான் கால் பக்கம் பிடிச்சுக்கறேன்" என்றபடி இறங்கினார்.

நான் கூடையைத் தூக்கிக் காட்டினேன்.

உள்ளே எட்டிப் பார்த்தார். கினாகோ அவரைப் பார்த்தாள். பார்த்து, ஒரு தும்மல் தும்மினாள்.

"இவங்கதானா?"

"இவங்கதான் சார்."

பனி அவர் தொப்பி மேல் விழுந்துகொண்டே இருந்தது. திட்டப் போகிறார், திட்டட்டும், திட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று நின்றேன். அவர் வெந்நீர்ப் பையை எடுத்துக் கூடையை ஒட்டி வைத்தார். "ஏறுங்க. கூடைக்கும் சேத்து பெல்ட் போடுங்க."

வழியில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வண்டியை ஓட்டிக்கொண்டே, "நீங்க சொன்னது பொய்யில்ல. நாங்கதான் கேக்கல" என்றார்.

டாக்டர் கேட்டார், "என்ன தின்னுச்சு?"

"காகிதக் கொக்கு."

"என்ன நிறம்?"

"ஊதா" என்று தலைவர் முந்திக்கொண்டு சொன்னார். "அது என் கொக்கு. நூலோட போயிருக்குமா டாக்டர்?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். நூல் போகவில்லை, காகிதம்தான். தோலுக்கடியில் நீர் ஏற்றி, குடல் அசைய மருந்து கொடுத்து, வயிற்றைத் தடவிவிட்டார்கள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "குழாய் அடைப்புக்கு நாங்களும் இதைத்தான் செய்வோம். தண்ணி, அழுத்தம், பொறுமை. குச்சி விட்டுக் குத்தினாதான் குழாய் போயிடும்."

மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு புழுக்கை இல்லை. கினாகோ, இரு. எனக்காக இரு.

பிப்ரவரி 14, புதன்

காலை 6.10. ஊதா.

கடுகு அளவில் பன்னிரண்டு. நான் என் வாழ்நாளில் எதைப் பார்த்தும் இப்படி அழுததில்லை. தலைவருக்குச் செய்தி அனுப்பினேன்: "அடைப்பு நீங்கியது." உடனே பதில்: "அளவு?" எண்ணி அனுப்பினேன்.

மாலைக்குள் கீரை, புல், தினசரிக் காலண்டரின் ஒரு மூலை.

பிப்ரவரி 26, திங்கள்

காலைக் கூட்டத்தில் முறைவைத்து ஒரு நிமிடம் பேச வேண்டும், இன்று என் முறை. போன தடவை நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றிப் பேசினேன். இன்று, "எங்க வீட்ல உடம்பு சரியில்லாம இருந்தது என் அம்மா இல்ல. முயல். அம்மா நாகோயாவுல டான்ஸ் ஆடறாங்க. நீங்க தப்பா நினைச்சது தெரிஞ்சும் நான் சொல்லல. கொக்குல கொஞ்சத்தை முயல் தின்னுடுச்சு. மன்னிச்சுடுங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்தேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் பலரும். தலைவர் தொண்டையைச் செருமி, மூணாம் வார்டில் குழாய் மாற்றும் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கோமாட்சு மட்டும் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் தேநீர் அறையில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒவ்வொண்ணும் எங்க அம்மாவை நினைச்சுக்கிட்டே மடிச்சேன். அவங்களுக்கு மடிக்க நேரமே கிடைக்கல. அது முயல் வயித்துக்குள்ள போயிருக்கு."

தின்றது தலைவரின் கொக்கைத்தான் என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

மார்ச் 2, வெள்ளி

கோமாட்சு பேசவில்லை. கோப்பு வேண்டுமென்றால் மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறாள். இன்னொரு பக்கம் தலைவர் தினமும் எழுந்து வந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நேத்து எத்தனை புழுக்கை?" என்கிறார். "இருநூத்திப் பத்து சார்." "நல்லது."

மார்ச் 11, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவளுக்கு. "என் பேருல வந்த கொக்கை முயலுக்குப் போட்டியா? மிச்சத்தை இங்க அனுப்பு."

அனுப்பினேன், கோமாட்சுவின் இருநூறைத் தவிர. அதை அலமாரிக்கு மேலே, கினாகோ எந்த ஜென்மத்திலும் எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன். கோமாட்சுவிடம் சொல்லவில்லை. சொன்னால் சமாதானத்துக்கு வந்த மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 27, செவ்வாய்

மருந்து நிறுத்தம். தும்மல் இல்லை. கோமாட்சுவின் பேச்சும் இல்லை.

ஏப்ரல் 16, திங்கள்

ஒன்பது தும்மல். நான்காவது தடவை.

எட்டு மணிக்குப் போன் செய்தேன். எடுத்தது கோமாட்சு. ஒரு கணம் வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. "கினாகோவுக்கு மறுபடி தும்மல். டாக்டர்கிட்ட போயிட்டு மதியம் வரேன்" என்றேன், சுற்றி வளைக்காமல். "சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

ஹதானோ அதே மருந்தை எழுதினார். வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்றார். இருக்கட்டும், வாழ்நாள் இருந்தால் சரி.

பன்னிரண்டரைக்கு அலுவலகம் போனேன். வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு நேரே கோமாட்சுவின் உருண்டைக் கையெழுத்து:

"வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. மதியம் வருவார்."

கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்று இரண்டு தடவை படித்தேன். நான் போனில் தெளிவாகக் கினாகோ என்றுதான் சொன்னேன்.

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். கோமாட்சு கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சாப்பாடு இறங்குதா?"

"ரெண்டு கீரை" என்றேன். "கொஞ்சம் புல்லு."

"கதகதப்பா வச்சுக்கோங்க. ஏப்ரல் காத்தை நம்பக் கூடாது."

மாலை மருந்து: அரை மில்லி உள்ளே, அரை மில்லி கண்ணாடியில்.